கூறு போட்ட தடம்

ஐப்பசி மழை மலையை உரித்துப்போட்ட வருஷம், ஊத்துமேட்டுக்குப் போகிற ஜீப் தடத்தில் பாதி ஆற்றோடு போய் மீதி பாதி இருந்த இடம் தெரியாமல் போன பிறகு, என் வீட்டுக்காரர் தங்கமாயன் தன் பழைய ஜீப்பை வாசலில் நிறுத்தி, நாலு மூலையிலும் கல்லடுக்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்பக்கத்து இடது டயரைக் கழற்றினார். கழற்றிய டயருக்குள்ளிருந்து அந்தத் தடம் வெளியே வந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் டயரை ஏன் கழற்றினார் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேலையற்ற மனுஷன் என்று நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் ஒரே மகள் தவமணியை ஊத்துமேட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாசமாக இருந்தாள். வளைகாப்புப் போட்டுக் கீழே கூட்டி வர நாள் குறித்திருந்த வாரத்தில்தான் மழை பிடித்தது. மழை விட்டபோது தடம் இல்லை. தோட்டம் தோட்டமாக நடந்தே ஏறி இறங்குகிற நர்சம்மா எங்கள் வாசலில் நின்று, "பிள்ளை குறுக்கே கிடக்குது ஒச்சம்மா, இது வீட்டுல பெத்துக்கிற பிள்ளை இல்ல, ஆஸ்பத்திரியில அறுத்துத்தான் எடுக்கணும், எப்பாடுபட்டாவது கீழ கொண்டாந்துருங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். டோலி கட்டித் தூக்கிவரலாம் என்றால், அந்தச் சரிவில் ஏலக்காய் மூட்டை தூக்கி வந்த ஆட்களே மூட்டையோடு உருண்டு இடுப்பொடிந்து கிடந்தார்கள். நான் எப்போதும் பயந்து சாகிறவள். பால் பொங்கினாலும் பயம், பொங்காவிட்டாலும் பயம். குறுக்கே கிடக்கிற பிள்ளையைப் பற்றிக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஜீப்பு ஏறும். நான் ஏத்துறேன்" என்றார் அவர்.

"ஏறுறது இருக்கட்டும், இறங்குறப்ப குலுங்குமே?"

"குலுங்காது."

"எப்படிக் குலுங்காம இருக்கும்? காலிக் குடத்தை வச்சுக் கொண்டாந்தாலே நெளிஞ்சுபோகும் உங்க வண்டியில."

"அதுக்குத்தானே பிள்ள கழட்டுறேன். நீ அந்தப் போல்ட்டை எல்லாம் டீசல்ல போட்டுத் தேய்."

அந்த ஜீப் என் கல்யாணத்துக்கு முந்தியே ஓடிக்கொண்டிருந்த வண்டி. மூட்டை ஏற்றுவதற்காகப் பின்னால் போட்டிருந்த, வில்லாக வளைந்த தடித்த கமான் பட்டைகளை அவர் ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு, அவற்றின் இடத்தில் மெல்லிசான நீளப் பட்டைகளைக் கோர்த்தார். குலுக்கலை வாங்கிக்கொள்கிற ஷாக்குகள் எண்ணெய் கக்கிக் கிடந்தன, அவற்றைக் கழற்றிப் புதுசு போட்டார். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை கொடுத்து வண்டியை அரைச் சாண் உயர்த்தினார். பின்சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு இலவம்பஞ்சு மெத்தை போடுகிற அளவுக்குப் பலகை அடித்தார். நான் ஒவ்வொரு போல்ட்டையும் டீசலில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, இதுவும் அறுந்துபோகுமோ, அதுவும் அறுந்துபோகுமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கொடுத்தேன். கடைசியாகத்தான் டயருக்கு வந்தார். சேற்றைக் கவ்விப் பிடிக்கிற பட்டன் டயர் வாங்கிச் சுவரோரம் சாத்தியிருந்தது.

பழைய டயரைப் படுக்கப்போட்டு, காற்றைப் பிடுங்கி, டிஸ்க்கிலிருந்து நெம்பி, டியூபை உருவக் கையை விட்டவர் வெளியே எடுத்தபோது கையில் டியூப் இல்லை, ஈர மண் இருந்தது. இழுத்தார், வந்தது, இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. டயர் அகலத்துக்கு ஒரு மண்பட்டை, உள்ளங்கைத் தடிமன், மேலே சக்கரம் பதிந்த வரி, ஓரத்தில் புல், நடுநடுவே பாறை முண்டு என்று, கல்யாண வீட்டில் சுருட்டி வைத்த பந்திப் பாயை ஒருவர் காலால் தள்ளி விரித்துவிடுவதைப்போல அது வாசலைத் தாண்டி, சாக்கடைப் பாலத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, கோயில் முக்கு வரைக்கும் போய், மேலே போக இடமில்லாமல் மடங்கித் திரும்பி எங்கள் வீட்டுக்கே வந்தது.

அவர் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இது சவுக்குமரத்து ஏத்தம்" என்றார். "இந்தா, ரேடியேட்டருக்குத் தண்ணி பிடிக்கிற ஓடை. அது யானைப் பள்ளம். சரி, அந்த வீல் ஸ்பானரை எடு."

மறுநாள் வலது டயரைக் கழற்றியதில் இன்னொரு மண்பட்டை வந்தது. ஜீப் தடம் என்பது ரெண்டு கோடுதானே. இடது டயரிலிருந்து பள்ளத்துப் பக்கத்துக் கோடும், வலது டயரிலிருந்து மலைப்பக்கத்துக் கோடும் வந்திருக்கின்றன என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இறங்கி வருகிறபோது மாறித்தானே விழும் என்று நான் கேட்டதற்கு, "ஏறுறப்பதான் டயரு கடிக்கும், இறங்குறப்ப வழுக்கிட்டு வரும், அதுல என்ன ஒட்டும்?" என்றார். பின் டயர்களில் வெறும் தூசிதான் இருந்தது. முன் டயர் எடுத்துக்கொண்ட பிறகு அவற்றுக்கு என்ன மிஞ்சும்? ஸ்டெப்னிக்குள் எங்கள் தெருவே ஒரு கை அகலம் இருந்தது, அதை நான் பெருக்கித் தள்ளினேன்.

தெருவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஒச்சம்மா, உங்க வீட்டு ரோடு என் கோலத்து மேல கிடக்குடி" என்று எதிர்வீட்டுக்காரி சத்தம் போட்டாள். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, இதில் ஏறிப்போகலாமா, தாண்டிப்போக வேண்டுமா என்று கேட்டார். ஊராட்சி ஆபீசிலிருந்து கிளார்க் வந்து, "யாரைக் கேட்டு ரோடு போட்டீங்க?" என்றார். "போடலை சார், கழட்டினோம்" என்றார் இவர். கிளார்க் டேப்பை எடுத்து அகலத்தை அளந்தார், நீளத்தை அளக்கத் தொடங்கிப் பாதியில் விட்டார், எந்தக் கணக்கில் இதைச் சேர்ப்பது என்று சற்று நேரம் யோசித்துவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கினவர், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த துண்டத்தின் மேல் போய் நின்றார். நின்றவர் அங்கேயே நின்றுவிட்டார். மலையில் அந்த இடம் எப்போதும் மூடுபனி இறங்குகிற இடம். எங்கள் தெருவில் கிடந்தபோதும் அதன் மேல் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கோபம் போய்விட்டது. காலையில் கைக்குழந்தைக்காரிகள் பனித் துண்டத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சாயந்திரமானால் தோட்ட வேலைக்குப் போய்வந்த பெண்கள் எல்லோரும் வந்து, தடத்தின் ஓரமாகவே நடந்து, இன்ன இடம் இன்ன இடம் என்று கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். எத்தனையோ வருஷமாகத் தினம் காலையில் இந்த ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து மலைக்குப் போய், இருட்டுகிறதுக்குள் திரும்பினவர்கள்தானே. இந்த இடத்தில்தான் நான் தினமும் வாந்தியெடுப்பேன் என்று ஒருத்தி சொன்னாள். இந்த வளைவில்தான் ஜீப் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டதில் என் தலை என்னைக் கட்டினவர் தோளில் போய் முட்டியது, அதற்கப்புறம்தான் பொண்ணு கேட்டு வந்தார்கள் என்று இன்னொருத்தி சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். இந்த ஏற்றத்தில் ஜீப் நின்றுபோய் எல்லோரும் இறங்கித் தள்ளினபோது தன் செருப்பு மண்ணுக்குள் போனதாகச் சொன்ன கிழவர் ஒருவர், குச்சியால் நோண்டிச் செருப்பையே எடுத்துவிட்டார். அது அவர் காலுக்கு இப்போது பெரிதாக இருந்தது.

இதில்தான் சண்டை வந்தது. என் வளைவில் நீ ஏன் மாட்டைக் கட்டினாய் என்று ஒருவரும், அது என்றைக்கு உன் வளைவாச்சு என்று மற்றவரும் ஆரம்பித்து, தலைமுடியைப் பிடிக்கிற அளவுக்குப் போனபோது, பரமன் மாமாவைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் கிடா வெட்டினால் வகையறா வகையறாவாகக் கறியைக் கூறு போடுகிறவர் அவர்தான். அவர் கை பட்ட கூறில் எலும்பு கூடுதல், ஈரல் குறைவு என்று இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. அவர் தடத்தை ஒரு நடை நடந்து பார்த்தார்.

"கிடாயை என்ன பண்ணுவோமோ அதைத்தான் பண்ணணும்" என்றார். "கூறு போட்டுருவோம். யாருக்கு எந்த இடம் பாத்தியமோ அந்த இடம் அவங்களுக்கு. கூறு ஒரு தடவை வீடேறினா ஏறினதுதான், திருப்பிக் கேக்கக் கூடாது. கிடா கொடுத்த வீட்டுக்குக் கூறு கிடையாது. சம்மதமா மாப்பிள்ளை?"

ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த என் வீட்டுக்காரர், "வாசல் காலியானாப் போதும் மாமா, வண்டியை வெளியே எடுக்க முடியலை" என்றார்.

அப்படியாகத் தடத்தை மண்வெட்டியால் நறுக்கி, சாக்கில் சுற்றி, வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். பனித் துண்டம் போன வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். பரமன் மாமா தன் கூறான செங்குத்து ஏற்றத்தை வாசற்படிக்கு முன்னால் போட்டுக்கொண்டார், அவரைப் பார்க்கப் போனவர்களெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். யானைப் பள்ளத்தை வாங்கிப்போன வீட்டில் ஆடுகள் ராத்திரியெல்லாம் கத்தின, இருந்தாலும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூடம்மாளுக்கு ஒரு வளைவில் பள்ளத்துப் பக்கத்துத் துண்டம் போயிற்று. அதை யாரும் அவளோடு போட்டி போட்டுக் கேட்கவில்லை. அவள் புருஷன் வீரணன் அந்த வளைவில்தான் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இந்தா வந்துர்றேன் என்று இறங்கிப் போனவன், அதற்கப்புறம் வரவில்லை. கூடம்மாள் அந்தத் துண்டத்தை அடுப்படியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துதான் சோறாக்கினாள்.

எங்கள் வாசல் காலியாயிற்று. வண்டியும் தயாரானது. பட்டன் டயர் மாட்டி, நிமிர்ந்து, வேறொரு வீட்டு வண்டிபோல நின்றது. ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்தேன், தொட்டில்போல இறங்கி ஏறியது. அவர் அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனவர் மத்தியானத்துக்குள்ளேயே திரும்பி வந்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைக் கழுவாமல் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சுங்க?"

"வண்டி ஏறும் பிள்ள. எதுல ஏறுறது? தடம் வேணும்ல."

தடம் வேண்டும் என்று அவர் சொன்ன வாய் மூடவில்லை, நான் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, கட்டிலுக்கடியிலும் மாட்டுக் கொட்டத்திலும் கிடந்ததே அதுதானே. நான் செருப்புக்கூடப் போடாமல் பரமன் மாமா வீட்டுக்கு ஓடி, அவர் வாசல் ஏற்றத்தில் மூச்சிரைக்க ஏறினேன்.

"கூறைத் திருப்பிக் கேக்கக் கூடாது ஆத்தா" என்றார் அவர், நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே. "நானே சொல்லி நானே மீறினா, வர்ற மாசிக்கு எவன் என் கையால கூறு வாங்குவான்?"

"நான் கேக்கலை மாமா. ஒரு சந்தேகம். கறியைக் கூறு போட்டு வீட்டுக்குக் கொண்டுபோறோம். திருப்பிக் கொடுக்குறதில்லை. ஆனா அவங்கவங்க வீட்டுல ஆக்கி, அவங்கவங்க சட்டியில எடுத்துக்கிட்டுக் கோயில்ல வந்து பொதுவா உக்காந்து திங்கிறோம்ல? அது திருப்பிக் கொடுத்ததாகுமா?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தன் வாசலைப் பார்த்தார். பிறகு, "உன் வாயில இம்புட்டு இருக்கா?" என்று சொல்லிவிட்டு, சாக்கு எங்கே என்று தன் பெண்டாட்டியிடம் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஊரே அவரவர் கூறைச் சும்மாட்டின் மேல் தூக்கிவைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. யாரிடமும் நான் கேட்கவில்லை. மாமா தன் ஏற்றத்தைத் தோளில் சுமந்துகொண்டு தெருவில் நடந்தார், அவ்வளவுதான். கூடம்மாள் மட்டும் வரவில்லை. நான் அவள் அடுப்படிக்குப் போய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தன் துண்டத்தின் மேல் உட்கார்ந்து உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கேக்கக் கூடாதுல்ல அத்தாச்சி?" என்றாள்.

"கூடாது."

"அப்பக் கேக்காத."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"நிக்கிறியே. அதுவும் கேக்குறதுதான். இதை நான் கொண்டுபோய் அங்க போட்டுட்டா அவரு திரும்பி வர்றப்ப எங்க வந்து நிப்பாரு, சொல்லு. இப்பத்தான் அந்த இடம் என் வீட்டுக்குள்ள இருக்கு. வர்ற ஆளு நேரா அடுப்படிக்கு வந்துரலாம்."

சோறு குழையப்போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மலையில் தடம் அறுந்த இடத்திலிருந்து தொடங்கினோம். முதலில் மலைப்பக்கத்துக் கோடு, அதற்கு இணையாகப் பள்ளத்துப் பக்கத்துக் கோடு என்று, அவரவர் துண்டத்தை அவரவரே தலையிலிருந்து இறக்கிப் போட்டார்கள். போட்டதும் அது சரிந்த மண்ணைக் கவ்விக்கொண்டு, முன்னால் கிடந்த துண்டத்தோடு தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டது. ஆனால் போட்டவர் எழுந்து நாலெட்டு நகர்ந்தாரானால் துண்டமும் மெல்ல வழுக்கத் தொடங்கியது. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்தால் நின்றது. ஆகவே எல்லோரும் அவரவர் வளைவிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தவர்களும் உண்டு. "எங்கூறை நான் பாத்துக்கிறேன், நீ போ ஆத்தா" என்று பரமன் மாமா தன் ஏற்றத்தின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஜீப் அவர்களுக்கு நடுவில் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. கூறு இல்லாத வீடு நாங்கள் மட்டும்தான் என்பதால், கடைசியில் வண்டியோடு மேலே போனது நானும் அவரும் மட்டும்தான்.

கூடம்மாளின் வளைவில் பள்ளத்துப் பக்கத்துக் கோடு இல்லை. அங்கே பள்ளம் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவர் நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் கியரைப் போட்டு, இடது சக்கரங்களை மலைப்பக்கத்துக் கோட்டில் வைத்து, வலது சக்கரங்களை மலைச் சரிவிலேயே ஏற்றி, வண்டி ஒருக்களித்துப் படுத்த மாதிரி சாய்ந்து போக, நான் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடித்தார்.

ஊத்துமேட்டில் தவமணிக்கு விடியற்காலையிலேயே வலி கண்டிருந்தது. மருமகன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து மெத்தையில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பட்டன் டயரில் காற்றைக் குறைத்துவிட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்து, வண்டியைக் கியரிலேயே இறங்க விட்டார். எனக்குத் தெரிந்து அந்த வண்டி அப்படி ஒரு நாளும் போனதில்லை, தண்ணீர் மேல் போகிற மாதிரி போனது. தவமணி பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னம்மா இது, ஜீப்புத்தானா?" என்று கேட்டாள்.

கூடம்மாளின் வளைவு வந்ததும் நின்றுவிட்டது.

"ஒருக்களிச்சுப் போயிரலாம்ல?" என்றேன்.

"காலி வண்டிதான் அப்படிப் போகும். மெத்துன்னு இருக்கட்டும்னு நான் பண்ணின பட்டை, ஆள் ஏறினா சாயுற பக்கம் இன்னும் சாயும். கவுந்துரும்" என்றார்.

மருமகன், தூக்கிக்கொண்டு தாண்டிவிடுகிறேன் என்று இறங்கினவன், மலைச் சரிவில் ஒரு கால் வைத்து வழுக்கி, ஜீப்பின் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினான். தவமணி அலறினாள். பனி இறங்கியது. கீழே அவரவர் வளைவில் உட்கார்ந்திருந்தவர்கள், என்ன ஆச்சு, ஏன் நிக்குது என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி மலையிறங்கிப் போவது எனக்குக் கேட்டது. நான் இந்தக் கடவுள், அந்தக் கடவுள் என்று எல்லோரையும் கூப்பிட்டு, எல்லோருக்கும் எதையாவது நேர்ந்துகொண்டேன்.

அப்போது பனிக்குள்ளிருந்து சாக்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கூடம்மாள் ஏறி வந்தாள்.

"இம்புட்டுச் சத்தமா கத்துறாளே, இவ அப்பன் வண்டியில ஹாரன் எதுக்கு?" என்றாள். மூட்டையை இறக்கினாள். "பாக்காத அத்தாச்சி. நீ கேக்கலை, நான் கொடுக்கலை. என் இடத்துல வந்து கொஞ்ச நேரம் உக்காரப் போறேன், அம்புட்டுத்தான்."

பள்ளத்தின் வாயில் அவள் அந்தத் துண்டத்தை விரித்தாள். அடுப்புச் சாம்பல் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்தது. மேல் முனை மண்ணைக் கவ்விக்கொண்டது, கீழ் முனை கவ்வவில்லை; இவள் கீழே ஓடிப் பிடித்தால் மேல் முனை விட்டது. ரெண்டு முனைக்கும் ரெண்டு ஆள் வேண்டியிருந்தது.

"நான் பிடிக்கிறேன்" என்று மருமகன் எழுந்தான்.

"நீ உக்காரு அய்யா. ஆஸ்பத்திரியில அறுக்குறதுக்கு முன்னாடி புருஷன் கையெழுத்தைத்தான் கேப்பாங்க. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடவும் நீ வேணும். அத்தாச்சி, நீ இறங்கு."

"நானா? என் பிள்ளையை விட்டுட்டா?"

"நீ போய் அங்க என்ன பண்ணப்போற? வராண்டாவுல நின்னு அழுவ. அதை இங்க உக்காந்து அழு. ஊருல எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காந்திருக்காங்க. கை காலியா இருக்குறது நீ ஒருத்திதான்."

தவமணியின் காலை விட்டேன். அவளைப் பெற்ற நாளிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அவள் போகிறாள் என்றால் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள் நான். கல்யாணமாகி ஊத்துமேட்டுக்குப் போனபோதும் அப்படித்தான், ஒரு மாசம் அங்கேயே கிடந்து மருமகன் வீட்டார் முகம் சுளித்த பிறகுதான் இறங்கினேன். "அம்மா" என்றாள். "போயிட்டு வா தாயி" என்றேன். இறங்கி, பள்ளத்தின் ஓரத்தில் மண்டி போட்டு, கீழ் முனையை ரெண்டு கையாலும் பிடித்தேன். குளிர்ந்து கிடக்கும் என்று நினைத்தேன். தொட்டால் கதகதப்பாக, ஒரு உடம்பு மாதிரி இருந்தது.

ஜீப் வந்தது. பட்டன் டயர் என் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி ஏறி, அந்தப் பாரம் முழுவதும் என் தோள்பட்டை வரைக்கும் வந்து, இதோ பிடி நழுவுகிறது என்று நினைத்த நேரத்தில் பின் சக்கரமும் ஏறி, கடந்து, பனிக்குள் போயிற்று. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் பிடியை விட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

"ஆச்சு, விடலாம்ல?" என்றேன்.

"விடாத! இப்ப எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிச்சு, இங்க விட்டா கீழ இருக்குறதெல்லாம் தையல் பிரிஞ்ச மாதிரி உருவிக்கிட்டுப் போயிரும். வண்டி தார் ரோட்டுல ஏறுற வரைக்கும் பிடிச்சுத்தான் ஆகணும்."

"ஏறினது நமக்கு எப்படித் தெரியும்?"

"கையில தெரியலையா உனக்கு?"

தெரிந்தது. வண்டியின் அதிர்வு தடம் வழியாகவே என் உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது. இது யானைப் பள்ளம், இது பனி இறங்குகிற இடம், இதோ பரமன் மாமாவின் ஏற்றத்தில் மெதுவாக இறங்குகிறார் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்த ஜீப்பில் நான் ஊத்துமேட்டுக்குப் போய்வந்தது கொஞ்சம்தான், தடத்தில் எனக்கென்று ஒரு இடம்கூடக் கிடையாது, ஆனால் அவ்வளவு இடமும் என் கைக்குத் தெரிந்தது. அதற்கிடையில் இன்னொன்றும் வந்தது, எஞ்சின் அதிர்வு இல்லை அது, விட்டு விட்டு இறுகி விட்டு விட்டுத் தளர்கிற ஒன்று. அது தவமணியின் வலி என்று எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொன்றுக்கும் என் கை தானாக இறுகியது. பயமாக இருந்தது, ஆனால் பயப்படுவதற்குக் கையை எடுக்க முடியாது, அதனால் அந்தப் பயமும் பிடியிலேயே போய்ச் சேர்ந்துகொண்டது.

"எங்க இருக்கா இப்ப?" என்று கூடம்மாள் கேட்டாள். அவள் முனையிலும் தெரிந்திருக்கும், இருந்தாலும் கேட்டாள்.

"சவுக்குமரத்துகிட்ட."

"அப்ப இன்னும் கொஞ்சம்தான்."

பிறகு அவள், "அரிசியை உலையிலயே விட்டுட்டு வந்துட்டேன் அத்தாச்சி, களியாப் போயிருக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் பிடி நழுவும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன், அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

கடைசியில் என் உள்ளங்கையில் ஒரு சின்னத் தூக்கல் வந்தது, மண்ணிலிருந்து தாரில் ஏறுகிற தூக்கல். அதற்கப்புறம் எதுவும் இல்லை. வண்டியும் இல்லை, வலியும் இல்லை. வெறும் மண். ஆபரேஷன் ஆனதும், பெண்பிள்ளை பிறந்ததும், தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதும் எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. கீழே, வளைவு வளைவாக, ஆட்கள் எழுந்து முட்டியைத் தட்டிக்கொள்கிற சத்தமும் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது.

"எந்திரி அத்தாச்சி, போயாச்சு" என்றாள் கூடம்மாள். அவள் தன் முனையை விட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தாள். துண்டம் நகரவில்லை. என் கை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

"நீ போ கூடம்மா, போய் வேற உலை வையி" என்றேன். "நான் இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருக்கேன்."